பீரோவில் இருந்த ஐந்து டிவிடிகள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

லேப்டாப் மந்தமாகிவிட்டது, கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (அதைவிட வேகமான டிஸ்க்) மாற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

2011-ல் நான் வாங்கிய லேப்டாப் உனக்கு ஞாபகம் இருக்கும். போன ஆடி மாதம் அதன் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்து, மூன்றாம் நாள் ஒரேயடியாக நின்றுபோனது. மகன் தூக்கிப் போடச் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் கருவிக்கு விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது. இன்னும் இரண்டு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ்கள் பாக்கி. அதுவரை ஸ்கேன் செய்ததை வெளி டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன், அது தப்பியது.

அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் விண்டோஸை நிறுவும் சிடி எதுவும் தர மாட்டார்கள். ஹார்டு டிஸ்க்கிலேயே ஒரு மறைவான பகுதியில் மூலப் பிரதியை வைத்திருப்பார்கள். விண்டோஸ் கெட்டால் அதிலிருந்து மீட்கலாம். டிஸ்க்கே செத்துவிட்டால் அந்தப் பிரதியும் கூடவே போய்விடும். வாங்கிய அன்றே கடைப் பையன், "சார், அஞ்சு டிவிடி வாங்கி இதுல ரெகவரி போட்டு வெச்சுக்கங்க, ஒரு தடவைதான் போட விடும்" என்றான். அன்று ராத்திரியே உட்கார்ந்து போட்டு, வரிசை எண் எழுதிப் பீரோவில் வைத்தேன். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.

முதலில் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். பழைய டிஸ்க் 320 ஜிபி. இடம் போதாது என்று ரெகவரி மறுத்துவிட்டது. 500 ஜிபி மாற்றி வாங்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டது. முதல் இரண்டு தட்டும் ஓடின. மூன்றாவது பாதியில் படிக்க முடியவில்லை என்று நின்றது. பதினாலு வருஷத் தட்டு, ஒன்று போனாலும் மற்ற நான்கும் வீண். வெளியே எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது, கீறல் விழுந்தால் தட்டு சுற்றும் திசையிலேயே விழும். மறுபடி போட்டதும் ஓடியது. மொத்தம் மூன்று மணி நேரம். பழைய சுவர்ப்படத்தோடு திரை வந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் விண்டோஸின் சாவி எண் (அதைச் செயல்படுத்தும் உரிம எண்) தேய்ந்து ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஆனாலும் விண்டோஸ் எதையும் கேட்கவில்லை. தயாரிப்பாளரின் அடையாளம் பயாஸிலேயே (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) இருக்கிறது, ரெகவரி அதைப் பார்த்துத் தானே செயல்படுத்திக்கொள்கிறது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் இன்டர்நெட் பக்கம் அதை விடுவதில்லை. ஸ்கேன் மட்டும்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடையது விண்டோஸ் 10, வேலை சுலபம். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று காலியாக எடு. அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ஸ்டார்ட்டில் 'ரெகவரி டிரைவ்' என்று தேடி, சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, சார்ஜரை மாட்டி விட்டுவிடு. நேரம் பிடிக்கும். புது எஸ்எஸ்டி போட்டபின் அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் (லேப்டாப்பைத் தொடக்கினால்) விண்டோஸ் திரும்பிவிடும். சாவி எண் லேப்டாப்பின் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்.

ஆனால் உன் போட்டோ, கணக்கு எதுவும் அந்தப் பென் டிரைவில் வராது. அவற்றைத் தனியாக வேறொரு டிஸ்க்கில் ஏற்று, ஏற்றியதைத் திறந்தும் பார். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வை. அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. கடைக்காரர் செய்துகொள்வார் என்று விட்டுவிடாதே, மாப்ளே. பிள்ளைகளின் சின்ன வயசுப் படமெல்லாம் அதில்தானே இருக்கிறது.

நேற்று இரண்டாவது டின்னைத் திறந்தேன். அப்பா நம் ஹாஸ்டலுக்கு வந்தபோது எடுத்த ரோல் அதில் இருந்தது. வேப்பமரத்தடியில் நீயும் நானும் ஒரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறோம். பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான் பார், அவன் நம் மெஸ்ஸுக்குப் பால் கொண்டுவந்தவன்தானே? பெயர் நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது. உனக்குத் தெரிந்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்