செல்விக்கு, மூளைக்குள் வைக்கும் கம்பியைப் பற்றி

அன்புள்ள செல்வி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். இதற்குப் பேசிப் பதில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். மூளையில் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்துப் பசியைக் குறைக்கிறார்களாமே, உங்க அண்ணனுக்கும் வைத்திருக்கிறதே, தம்பிக்குச் சிங்கப்பூரில் செய்ய முடியுமா என்று கேட்டாய். அண்ணனுக்கு வைத்தது கை கால் நடுங்கும் பார்கின்சன் நோய்க்கு, அதை இங்கே பல வருஷமாகச் செய்கிறார்கள். எடையைக் குறைக்க அப்படிச் செய்வது எந்த நாட்டிலும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை, இன்னும் ஆராய்ச்சிதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, கம்பி வைத்த பிறகு அண்ணன் நன்றாகப் பருத்துவிட்டார். அண்ணி தேக்காவில் அவருக்குச் சட்டை தேடி அலைகிறார். இது நிறைய பேருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். கை கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தபோது செலவான சக்தி இப்போது செலவாவதில்லை, அது ஒரு காரணம். அப்புறம், அந்தக் கம்பியின் முனை நிற்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பக்கத்திலேயே ஹைப்போதலாமஸ் இருக்கிறது, மின்சாரம் கொஞ்சம் அங்கேயும் பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

பசி, தாகம், உடல் சூடு, தூக்கம் எல்லாவற்றையும் கவனிக்கிற இடம் அது, மொத்த எடையே சுமார் 4 கிராம்தான். 1940-இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலிகளுக்கு அதன் நடுப்பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள், எலிகள் உருண்டையாகிவிட்டன. 1951-இல் பி. கே. ஆனந்தும் ப்ரோபெக்கும் ஓரப்பகுதியைச் சிதைத்தபோது, தீனி முன்னாலேயே இருந்தும் எலிகள் தொடவில்லை. (இந்த ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையை வளர்த்தவர்.) சரி, பசிக்கு ஒரு இடம், போதும் என்பதற்கு ஓர் இடம் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். 1970-களில் டென்மார்க்கில் மிகவும் பருமனான சிலருக்கு அந்த ஓரப்பகுதியில் ஒரு புள்ளியை மின்சூட்டால் சுட்டே பார்த்தார்கள். சாப்பாடு கொஞ்ச நாள் குறைந்தது, அவ்வளவுதான். சுட்டதைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. 1987-இல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் என்ற மூளை அறுவை நிபுணர், சுடாமலே வேகமான மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தியும் விடலாம் என்று காட்டிய பிறகுதான் பசியை ஆராய்கிறவர்களும் மறுபடி இந்தப் பக்கம் வந்தார்கள்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது டொரொண்டோவில் நடந்ததை. 2008-இல் லொசானோ என்ற மூளை அறுவை நிபுணரின் குழுவினர் அதை எழுதி வெளியிட்டார்கள். ஐம்பது வயதுக்காரர், எடை 190 கிலோ, எந்த வழியிலும் குறையவில்லை. ஆளை விழித்திருக்க வைத்தே ஹைப்போதலாமஸில் கம்பியை இறக்கி மின்சாரம் கொடுத்ததும், ஒரு பூங்காவில் நண்பர்களோடு நிற்கிறேன், எனக்கு இருபது வயது இருக்கும், என் காதலியும் இருக்கிறாள் என்றாராம் அவர்! மின்சாரத்தைக் கூட்டக் கூட்டக் காட்சி துலக்கமானது. பசியைத் தேடிப் போய் ஞாபகத்தின் மேல் போய் நின்றிருக்கிறார்கள், ஏனென்றால் ஃபோர்னிக்ஸ் என்ற ஞாபக நரம்புக்கட்டு அந்த வழியாகத்தான் போகிறது. அந்த ஆராய்ச்சி அப்படியே அல்சைமர் என்ற மறதி நோயின் பக்கம் திரும்பிவிட்டது. இதைப் படித்த பிறகு எனக்கு, அந்த இத்துனூண்டு இடத்தில் பசியை மட்டும் தனியாகத் தொட முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

2013-இல் அமெரிக்காவில் எடையைக் குறைக்க மூன்று பேருக்குக் கம்பி வைத்ததையும் எழுதியிருக்கிறார்கள். மூவருமே எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்தும் பலிக்காதவர்கள். பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் மின்சாரத்தைப் பார்கின்சனுக்கு வைக்கிற அளவிலேயே வைத்தபோது எடை பெரிதாக அசையவில்லை. சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி எந்த அளவில் கூடுகிறது என்று தேடி வைத்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியது. மூன்று பேரை வைத்து என்ன சொல்ல முடியும்? மண்டையில் துளை போட்டால் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்ற பயம் எப்போதும் உண்டு. அண்ணனுக்குக் கை நடுக்கத்தில் கோப்பி கோப்பையைப் பிடிக்கவே முடியவில்லை, அதனால் துணிந்தோம். தம்பிக்கு 26 வயதுதானே.

அவனை நீ திட்டுவதை மட்டும் நிறுத்து செல்வி, சோற்றுப் பானையை ஒளித்து வைப்பதையும்தான். எடை குறைந்தால் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும், ஏதோ பஞ்சம் வந்துவிட்டது என்று ஹைப்போதலாமஸ் பசியைக் கூட்டும், வாயைக் கட்டு என்று நாம் சொன்னால் அது கேட்குமா? முதலில் ஈப்போவிலேயே ஒரு ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப் போ. எடையைக் குறைக்கப் போடும் செமாகுளுடைட் ஊசியும் மூளையின் பசிப் பகுதிகளில்தான் வேலை செய்கிறது, துளை கிளை எதுவும் வேண்டாம். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது, குமட்டலும் இருக்கும், அதையெல்லாம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

தீபாவளிக்கு வரும்போது அவனையும் அழைத்து வா. அண்ணன் நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், யாரையும் விடுவதில்லை. எனக்கு ஈப்போ வெள்ளைக் காப்பி, சர்க்கரை போடாத பாக்கெட். அண்ணி பார்ப்பதற்குள் என் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
வசந்தா