வயதுச் சான்றும் வெளியாட்களும்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கிற உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எந்தப் போட்டி எங்கே நடந்தது, கோப்பை யாருக்குப் போனது என்று வரிசையாகப் படிப்பதுதான் நம் வட்டார விளையாட்டுச் சங்க ஆண்டறிக்கையின் வழக்கம். இந்த முறை அதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, மீதி நேரத்தை, வயதையும் ஊரையும் மறைத்து ஆட வருகிறவர்கள் என்ற ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

கபடி, வாலிபால், தடகளம் மூன்றும் நடந்தன. கால்பந்து மழையால் தள்ளிப்போய்க் கடைசியில் நடக்கவே இல்லை. கோடைப் பயிற்சி முகாமை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்தோம். வேலூர் வெயிலில் அதற்கு மேல் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தக் கூடாது. பெண்கள் வாலிபாலில் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளிகள் நன்றாக ஆடின. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 17 வயதுக்குட்பட்டோர் கபடி அரையிறுதியில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அணியின் முதன்மை ரெய்டர் களத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுந்து வந்து, "சார், இந்தப் பையன் என் பெரிய மகனோட படிச்சவன், என் மகன் ஐடிஐ முடிச்சே வருஷம் ஆகுது" என்றார். ஆவணங்களை எடுத்துப் பார்த்தோம். ஆதார் நகல் இருந்தது. பள்ளியின் போனஃபைடு சான்றும் இருந்தது. எல்லாமே அந்தப் பையனுடைய தம்பியின் பெயரில் இருந்தன. நகல் எடுத்த ஆதாரில் முகம் கருப்பு மையாகத்தான் தெரியும். அதை வைத்து அண்ணனா தம்பியா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பையனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டோம். அழுதுவிட்டான். ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குப் போகிறானாம். "பேரை மட்டும் மாத்திச் சொல்லு, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவனுடைய தம்பி, அதாவது உண்மையில் அந்த அணியில் ஆட வேண்டிய பிள்ளை, அன்றைக்கு வீட்டில் இருந்தான். தன் பெயரில் இன்னொருவர் ஆடுவது அவனுக்குத் தெரியும். அந்த அணியை நீக்கினோம். எதிரணி இறுதிப் போட்டிக்குப் போனது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த இரண்டு வாரமும் எனக்கு வந்த போன்களில் பாதி, "இன்னா சார், ஒரு மேட்ச்சுதானே, விட்டிருக்கலாமே" என்பதாகத்தான் இருந்தன.

விட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், உடம்பு. தேசிய சப்ஜூனியர் கபடியில் சிறுவர்களுக்கு 16 வயது என்றும், எடை இவ்வளவுக்குள் என்றும் வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை. வளர்ந்து முடித்த ஓர் ஆள் கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையின் முட்டியும் தோளும்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். எடையிலும் இதே கதைதான். எடை பார்க்கும் காலையில் பிள்ளைகளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல், வியர்க்க வியர்க்க ஓட விடுகிற பயிற்சியாளர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். வேலூர் வெயிலில் அது உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது, சான்றிதழ். நம் மாநிலத்தில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. அந்த ஏணியில் ஏற மாவட்ட, மாநில அளவுச் சான்றிதழ்கள் தேவை. நம் வட்டாரப் போட்டிதான் அதற்கு முதல் படி. இங்கே ஒருவன் வயதை மறைத்து உள்ளே வந்தால், தேர்வுப் பட்டியலில் ஒரு பிள்ளை கீழே தள்ளப்படுகிறான். தள்ளப்பட்டவனுக்கு யார் தன்னைத் தள்ளினார்கள் என்று தெரியவே தெரியாது. தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் ஆட்டத்தையே விட்டுவிடுவான். என்னைப் பொறுத்தவரை இந்த மோசடியில் பெரிய நஷ்டம் அவனுக்குத்தான். போன் செய்தவர்களில் ஒருவர்கூட அவனைப் பற்றிப் பேசவில்லை.

ஏமாற்றி வாங்கும் கோப்பையால் அந்தப் பெரிய பையனுக்காவது லாபம் உண்டா என்றால், அதுவும் இல்லை. சத்துவாச்சாரியில் பளு தூக்கிப் பழகிய சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டுகோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அவருடைய தந்தையும் பளுதூக்கியவர். அந்த மேடைகளில் ஜூனியர் என்று யாருக்கும் சலுகை கிடையாது. சின்னப் பிள்ளைகளை ஜெயித்தே பழகியவன் சமவயதுக்காரர்களோடு மோதும்போது எதையும் கற்றிருக்க மாட்டான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2001-இல் அமெரிக்காவில் நடந்த லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் உலகப் போட்டியில் 12 வயது வரம்புப் பிரிவில் டேனி அல்மோன்டே என்ற பையன் பிரமாதமாகப் பந்து வீசினான். அவனுக்கு அப்போது 14 வயது என்று பிறகு தெரிந்தது. அணியின் வெற்றிகள் எல்லாம் ரத்தாயின. சரியான வயதில் ஆடிய மற்ற பிள்ளைகளின் உழைப்பும் அதோடு போனது. அங்கே ஆயுள் தடை விதித்தது அவனுடைய தந்தைக்கும் அணியை நிறுவியவருக்கும். ராகுல் டிராவிட் 2015-இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ஜூனியர் கிரிக்கெட்டில் வயது மறைப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். பெற்றோரும் பயிற்சியாளரும் பொய்ச் சான்று தயாரிப்பதைப் பார்க்கிற பிள்ளை, ஏமாற்றுவதையே கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய கவலை. அந்தக் கபடிப் பையன் என் முன்னால் அழுதபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அரையிறுதிக்குப் பிறகு சிலர், எல்லாப் பிள்ளைகளுக்கும் எலும்பு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை. வளரும் பருவத்தில் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும், வளர்ச்சி முடியும்போது அது எலும்போடு சேர்ந்துவிடும். மணிக்கட்டில் அதைப் பார்த்துத்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியம் டிடபிள்யூ3 முறையில் எலும்பு வயதைக் கணக்கிடுகிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எம்ஆர்ஐ எடுத்தது. ஆனால் எலும்பு வயதும் பிறந்த தேதியும் ஒன்றில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியில் ஓராண்டுக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் முதிரும். வட்டாரப் போட்டிக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கதிர்வீச்சுக்கு அனுப்பி, வரம்பை ஒட்டி நிற்கிற நேர்மையான ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று முத்திரை குத்துவதை நம் சங்கம் செய்யக் கூடாது.

காகிதத்தையே ஒழுங்காகப் பார்த்தால் போதும், பெரும்பாலானவை பிடிபடும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் தாமதமானால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஆகவே சான்றிதழில் பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல், பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பையன் ஒன்பதாவது படிக்கும்போது பதிவான பிறப்பு என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், உடனே விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்களில் வீட்டிலேயே பிறந்து, பதிவே ஆகாமல், பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கணக்குப் போட்டு எழுதிய தேதியோடு வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறைய வேண்டுமே என்று மே, ஜூனில் பிறந்ததாக எழுதப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே தேதி பதிவேட்டில் தொடர்ந்து இருந்தால், அதை நாம் ஏற்க வேண்டும். இடையில் பள்ளி மாறும்போது மட்டும் வயது குறைந்திருந்தால், அதுதான் சந்தேகத்துக்கு உரியது.

மாவட்ட எல்லையையும் இதோடு பேசித்தான் ஆக வேண்டும். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. நேற்று வரை ஒரே அணியில் ஆடியவர்கள் இன்று வெளியாட்கள் ஆகிவிட்டார்கள். இந்த ஆண்டு வாலிபாலில், ஆம்பூரில் வீடு, வேலூரில் விடுதியில் தங்கிப் படிப்பு என்று இருந்த ஒரு மாணவியின் மீது எதிர்ப்பு மனு வந்தது. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, படிவத்தில் இரண்டு முகவரியையும் எழுதியிருந்தாள். அவளை ஆட விட்டோம். எந்தப் பள்ளியில் முழு ஆண்டும் படிக்கிறாளோ அதுவே அவள் இடம் என்று முடிவு செய்தோம். ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் டிசி வாங்கிச் சேர்ந்து, போட்டி முடிந்ததும் காணாமல் போகிறவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு வரவழைக்கப்படுகிறவர்களுக்கும் பொருந்தாது.

இத்தனைக்கும் காரணம் நம் பழைய விதிதான் என்பது என் கருத்து. புகார் வந்தால் பார்ப்போம், அதுவும் கட்டணம் கட்டினால், அதுவும் ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் என்று வைத்திருக்கிறோம். தோற்ற அணி கோபத்தில் கொடுக்கும் மனுவை நம்பி நேர்மையைக் காப்பாற்ற முடியாது. கையில் காசு இல்லாத பள்ளி மனுவே கொடுக்காது. இரண்டு அணியிலும் ஓவர் ஏஜ் ஆட்கள் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆகவே செயற்குழு சார்பில் விதித் திருத்தம் ஒன்றை முன்வைக்கிறேன். ஒவ்வோர் அணியின் பட்டியலும் புகைப்படத்தோடு போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வைக்கப்படும். நகல் செல்லாது, அசல் ஆவணமும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பக்கமும் வேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் படம் எடுத்து ஒப்பிடுவோம். எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மோசடி உறுதியானால் அணியின் பொறுப்பாளருக்கும் பயிற்சியாளருக்கும் இரண்டாண்டுத் தடை. பிள்ளைக்கு அந்தப் போட்டியில் மட்டும் நீக்கம். அவன் தன் சரியான வயதுப் பிரிவில் அடுத்த போட்டியிலேயே ஆடலாம்.

அப்புறம், தவறான தேதியோடு ஏற்கெனவே நம் பதிவில் இருப்பவர்கள் அடுத்த சீசன் பதிவு முடிவதற்குள் தாங்களே வந்து திருத்திக்கொண்டால் நடவடிக்கை இல்லை. 2020-இல் கிரிக்கெட் வாரியம் இப்படி ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்ட வயது மோசடித் தடுப்பு வரைவிலும் இதற்கு இடம் இருந்தது. பிள்ளைகளின் பெயர்களை எங்கேயும் வெளியிட மாட்டோம்.

இப்படிக் கெடுபிடி செய்தால் அணிகளே வராது என்று செயற்குழுவில் ஒரு நண்பர் சொன்னார். குறைவான அணிகளோடு நடத்திக்கொள்ளலாம் என்பது என் பதில். அவர் இன்னும் மாறுபடுகிறார், இங்கே அவரும் பேசட்டும். பேசி முடித்தபின் வாக்கெடுப்பு நடத்தத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

விடியற்காலையில் வந்து கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், முதலுதவிக்கு நின்ற செவிலியர்களுக்கும், எழுந்து வந்து உண்மையைச் சொன்ன அந்தத் தாய்க்கும் சங்கத்தின் நன்றி. புதிய பதிவுப் படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன. அணிப் பொறுப்பாளர்கள் போகும்போது எடுத்துச் செல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்