கோடு போடுவதற்கு முன்பே கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறு ஊர்களின் பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களின் ஆட்சேபணைகளால்தான் வேலை இழுத்தடிக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இருபத்தெட்டு வருஷம் குழாய் பதிக்கிற வேலையை மேற்பார்த்தவன் நான். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மேடைப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு எதிர்ப்பக்க நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

முதலில் அதிகாரிகளுக்காக ஒரு வார்த்தை. சாக்கடை வாட்டத்தில் ஓடுவது. ஊர்க் கழிவெல்லாம் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். பள்ளத்தில் ஆறோ ஏரியோ சதுப்போ இருக்கும். எனவே பம்ப் அறையும் சுத்திகரிப்பு நிலையமும் தண்ணீர் ஓரத்தில் போய் உட்காருவது யாருடைய சதியும் இல்லை. மேட்டில் கட்டலாம்தான்; அப்புறம் நிலையம் இருக்கும் காலமெல்லாம் மோட்டாரும் மின்சாரமும் போட்டு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் "எங்க பக்கம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. நான் மேடையில் இருந்த ஒரு கூட்டத்தில், பம்ப் அறைக்குக் குறித்திருந்த இடத்தைப் பற்றி ஒரு பெரியவர் எழுந்து பேசினார். "அங்க ரெண்டு முழம் தோண்டுனாலே தண்ணி வரும். மேல வத்துனாலும் கீழ வத்தாதுய்யா" என்றார். நாங்கள் மண் பரிசோதனை செய்திருந்தோம், நல்ல வெயில் காலத்தில். அவர் சொன்னது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறியது: "கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது." அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்குள் பம்ப் அறையின் கான்கிரீட் தொட்டி கட்டி முடிந்தது. மோட்டார் இறக்கவில்லை, உள்ளே காலி. ஒரு வாரம் அடைமழை. போய்ப் பார்த்தால் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரைக்குமேல் ஒரு முழம் எழும்பி நிற்கிறது. காலித் தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறினால் அது படகு மாதிரி மிதக்கும். அடித்தளத்தை அகலமாகப் போட்டு எடை ஏற்றியிருக்க வேண்டும். இது எந்தப் பொறியாளருக்கும் தெரியாத வித்தை இல்லை. தண்ணீர் அவ்வளவு மேலே வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் சொன்னார், நாங்கள் குறித்துக்கொண்டோம். உடைத்துத் திரும்பக் கட்ட ஒரு வருஷம் போயிற்று. அந்தத் தாமதத்தை எந்த ஆட்சேபணையின் கணக்கில் எழுதுவது?

இந்தத் திட்ட அறிக்கைகளில் "நூறாண்டு வெள்ளம்" என்று ஒரு சொல் வரும். நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதானே, நம் காலத்தில் வராது என்று கூட்டத்தில் பலர் நிம்மதியாகிவிடுவார்கள். அதன் பொருள் அதுவல்ல. எந்த ஒரு வருஷத்திலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அடுத்தடுத்த வருஷங்களிலும் வரலாம். 30 வருஷம் ஓடவேண்டிய ஒரு பம்ப் அறை தன் ஆயுளில் ஒரு தடவையாவது அதைப் பார்ப்பதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று. இப்படிச் சொன்னால் மின் பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது என்று ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

வெள்ளத்தில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூழ்கிய மேன்ஹோல் மூடியின் ஓட்டைகள் வழியாக வெள்ளம் உள்ளே இறங்குகிறது. விரிசல் விட்ட இணைப்புகளில் நிலத்தடி நீர் கசிந்து சேர்கிறது. குழாய் நிரம்பி, பம்ப் நின்று, கடைசியில் தாழ்வான வீட்டின் கழிப்பறைப் பீங்கானில் குமிழியிட்டுக்கொண்டு ஊரின் கழிவு மேலே வருகிறது. நீர் புகாத மூடி, வீட்டு இணைப்பில் கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு என்று இதற்கு வழிகள் உண்டு. எந்தத் தெருவுக்கு அவை வேண்டும் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

சதுப்பு நிலத்தின் கதை வேறு. அங்கே கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும். குழாய்க்கு அடியிலும் பக்கத்திலும் ஜல்லி போட்டு நிரப்புகிறோம் இல்லையா, அந்த ஜல்லிப் பள்ளமே குழாய்க்கு வெளியே இன்னொரு வாய்க்கால் ஆகிவிடுகிறது. சதுப்பின் தண்ணீர் அதன் வழியே வடிந்துகொண்டே இருக்கும். நாணல் காய ஆரம்பித்த பிறகுதான் தெரியும். இடையிடையே களிமண் அடைப்புப் போட்டால் இதைத் தடுக்கலாம், பெரிய செலவில்லை. ஆனால் அது ஒப்பந்தப் பட்டியலில் முதலிலேயே ஏறியிருக்க வேண்டும்.

அதனால்தான் எப்போது கேட்கிறோம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் வெள்ளம் பரவும் நிலத்துக்கும் சதுப்புக்கும் தனித்தனியாக இரண்டு ஆணைகளை அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1977 மே 24 அன்று பிறப்பித்தார். செய்யத்தக்க மாற்று இருந்தால் அங்கே கட்டாதே, ஆரம்பத்திலேயே மக்களுக்குச் சொல் என்பது சாரம். அந்நாட்டு வீட்டுவசதி, நகர வளர்ச்சித் துறையின் பணத்தில் அத்தகைய நிலத்தில் கட்டுகிற ஊர் இரண்டு தடவை அறிவிப்பு போட்டு, மக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தரவேண்டும்: மாற்று இடங்களை ஆராய்வதற்கு முன்பு குறைந்தது 15 நாள், முடிவு எடுத்தபின் 7 நாள். ஐரோப்பாவின் 1998-ஆம் ஆண்டு ஆர்ஹுஸ் உடன்படிக்கை, எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களைக் கேள் என்கிறது. ஆனால் அதன் பட்டியலில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குத்தான் இடம். சிறு ஊர்கள் சல்லடைக் கண்ணில் நழுவிவிடுகின்றன, வழக்கம்போல.

சிறு ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பவர்களுக்குக் கலிபோர்னியாவின் ஆர்க்கேட்டாவைச் சொல்வேன். 1970களில் விரிகுடாவின் அடியில் குழாய் போட்டு வட்டாரத்துக்கே ஒரு பெரிய நிலையம் கட்டும் திட்டம் வந்தது. ஊரார் மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல், உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆசிரியர்களோடு சேர்ந்து, சதுப்பு நிலத்தை உருவாக்கி அதன் வழியே கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று சோதித்துக் காட்டினார்கள். இன்று அது பறவைகள் வருகிற சரணாலயமும்கூட. எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது, நிலம் நிறைய வேண்டும். சரி, ஆனால் அந்த யோசனை கோப்பிலிருந்து வரவில்லையே.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதோடு, வரைபடம் அதற்குள் அச்சாகிவிட்டதா என்றும் பாருங்கள். திட்ட இடத்தில் கம்பு நட்டு, வெள்ளம் ஏறும் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிக் காட்டினார்களா என்று கேளுங்கள். அரைநாள் வேலை. என் காலத்தில் நாங்கள் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி மேற்பார்வையாளர் ஒருவர்