தமிழில் கேட்டால்தானே அது ஒப்புதல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. காலையில் காபி குடித்ததும் கைபேசியில் செய்தி படிக்க உட்காருவார். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு, 'குக்கீ' என்ற சின்னக் குறிப்பை நம் கருவியில் வைக்க ஒப்புதல் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. "இது என்னம்மா கேக்குது?" என்று முதலில் சில நாள் என்னிடம் கேட்டார். இப்போது கேட்பதில்லை. பெரிதாக, நீலமாக இருக்கும் பொத்தானை அமுக்கிவிடுகிறார். 'அக்செப்ட் ஆல்', அதாவது 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பது அதுதான். 'வேண்டாம்' என்று சொல்லும் வழி கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால் இன்னொரு பக்கம், அங்கே இருபது முப்பது தேர்வுக் கட்டங்கள்.

சென்ற மாதம் முழங்கால் வலிக்கு ஒரு தளத்தில் தைலம் விலை பார்த்தார். அன்று மாலையிலிருந்து அவர் படிக்கும் செய்திகளுக்கு நடுவே தைல விளம்பரம்தான். "எனக்கு வலின்னு இவங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். அவர் அமுக்கிய பொத்தான்தான் அதற்கு அனுமதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குக்கீ என்பதே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு தளம் நம் கருவியில் வைத்துவிட்டுப் போகும் சின்னக் குறிப்பு அது. நாம் உள்நுழைந்திருப்பதையும் கூடையில் போட்ட பொருளையும் நினைவில் வைக்க அது வேண்டும். ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களில் தன் குக்கீயைப் போட்டு, ஓரிடத்தில் நாம் பார்த்ததை இன்னோரிடத்தில் பயன்படுத்துவதுதான் பிரச்சினை. அதற்கு நம்மைக் கேட்கத்தான் வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் ஐரோப்பா நெடுநாளாகப் போராடுகிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரு சொடுக்குப் போதும், மறுக்கப் பல சொடுக்கு வேண்டும் என்று வைத்திருந்ததற்காக பிரான்ஸின் தரவுக் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. 2022 ஜனவரியில் அந்த முடிவு வெளியானது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே மக்கள் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். தளத்துக்குத் தளம் கேட்காமல், உலாவியிலேயே (பிரவுசரில்) ஒருமுறை நம் விருப்பத்தைச் சொல்லிவிடும் வழியை ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்மொழிந்திருக்கிறது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: ஒப்புதல் கேட்கும்போது, ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியைத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தொலை மருத்துவச் செயலி ஒன்று நம் தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் சரி என்றே சொல்லியிருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையில்லாத அந்த ஒப்புதல் செல்லாது என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை.

அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களே முதலில் மாறலாம். செய்தி முழுக்கத் தமிழில் தரும் உங்கள் தளத்தில், ஒப்புதல் பெட்டி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது? 'ஏற்கிறேன்', 'வேண்டாம்' என்று இரண்டே பொத்தான்கள், ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என்ன தரவு, யாருக்குப் போகிறது என்று மேலே நாலு வரி எழுதுங்கள். அப்புறம் பாருங்கள், எத்தனை பேர் படித்துவிட்டு அமுக்குகிறார்கள் என்று.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்த நாலு வரியையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல் என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்