பொருள்: 2,4-டி களைக்கொல்லி விளக்கத்தாளில் உள்ள தவறான தகவலும் அதனால் கெட்ட விதைப் பயிரும்

அனுப்புநர்: தீவன விதை உற்பத்தியாளர்கள், நிபோங் தெபால், பினாங்கு
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், கோலாலம்பூர்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் 2,4-டி அமைன் மருந்தோடு தரும் தாளில் "மேய்ச்சல் நிலத்துக்குப் பாதுகாப்பானது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வெறும் புல் நிலத்துக்கு அது பொருந்தும். முயல் மசால் (ஸ்டைலோ), சென்ட்ரோ போன்ற அவரைக் குடும்பத் தீவனச் செடிகள் கலந்த நிலத்துக்குப் பொருந்தாது. தாளை நம்பி அப்படிப்பட்ட எங்கள் விதை நிலத்தில் தெளித்துத்தான் பயிர் கெட்டது. தொட்டாச்சிணுங்கியைக் கட்டுப்படுத்தும் என்றும் அதே தாள் சொல்கிறது. அதுவும் அவரைக் குடும்பம்தான். அதை ஒடுக்கும் மருந்து பக்கத்தில் நிற்கும் மசாலை மட்டும் விட்டுவைக்குமா?

அவரைக் குடும்பம் இம்மருந்தைத் தாங்கும் என்று உங்கள் விற்பனை அதிகாரி வாதிட்டார். அவர் சொல்வது 2,4-டிபி என்ற வேறு மருந்து. அந்த மருந்து செடிக்குள் 2,4-டியாக மாறினால்தான் நஞ்சாகும். அவரைக் குடும்பத்தில் பல செடிகள் அதை மெதுவாகவே மாற்றுவதால் தப்பிக்கின்றன. நீங்கள் விற்பது நேரடியான 2,4-டி. பெயரில் ஓர் எழுத்துதான் குறைவு, விளைவு வேறு.

அளவிலும் குறை இருக்கிறது. "16 லிட்டர் பம்புக்கு 100 மில்லி" என்று மட்டும் போட்டால் போதாது. ஹெக்டேருக்கு 300 லிட்டர் கலவை தெளிப்பவருக்கு அது 1.9 லிட்டர் மருந்து; 450 லிட்டர் தெளிப்பவருக்கு 2.8 லிட்டர். பம்பின் நாசிலும் (தெளிப்பு முனை) தெளிப்பவரின் நடை வேகமும் மாறினால் இதுவும் மாறும். ஹெக்டேர் அளவையும் நீரின் அளவையும் சேர்த்துத் தராத தாள் பாதித் தாள்தான்.

"இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும்" என்பது உங்கள் அலுவலகத்தின் பதில். துளிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் நுனி முறுக்கிக் கருகியபின் பக்க மொட்டிலிருந்து வரும் கிளை பிந்திப் பூக்கிறது. ஜனவரி, பிப்ரவரி வறட்சிக்குள் காய் முற்றுவதில்லை. மொட்டு விட்டபின் மருந்து பட்டால் நிலை இன்னும் மோசம்: பூ உதிரும், நிற்கும் காயிலும் பாதி உள்ளீடற்ற சாவி. தீவனம் அறுப்பவருக்கு இலை போதும். விதை விற்பவருக்கு இலையைக் காட்டி என்ன பயன்?

கிடைத்த விதையும் முளைக்காததற்குக் கடின விதையுறையே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். சோதிப்பது எளிது. உறை கடினமான விதை நீரில் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். 80 டிகிரி நீரில் சில நிமிடம் போட்டெடுத்தால் முளைக்கும். நாங்கள் அனுப்பிய மாதிரி விதைகளோ முதல் நாளே ஊறிப் பருத்து, பிறகு அழுகுகின்றன. உறை வழிவிட்டுவிட்டது, கெட்டது உள்ளிருக்கும் கரு.

எங்கள் கோரிக்கைகள்: தாளில் "அவரைக் குடும்பத் தீவனப் பயிர் கலந்த நிலத்தில் தெளிக்கக் கூடாது" என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்க்க வேண்டும். கையிருப்புப் புட்டிகளிலும் அதை ஒட்ட வேண்டும். மருந்தின் விலையையும் இழந்த விதையின் விலையையும் ஈடு செய்ய வேண்டும். ரசீது நகல், புட்டி லேபிளின் படம், விதை மாதிரி ஆகியவற்றை இணைத்துள்ளோம். பதிலை 14 நாட்களுக்குள் எழுத்தில் தாருங்கள். தொலைபேசி விளக்கம் வேண்டாம்.

இப்படிக்கு,
தீவன விதை உற்பத்தியாளர்கள்