சேலத்துக்குப் போக பெங்களூரு எதற்கு?

உள்ளூர் விமான வழித்தடங்களை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட்டும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நேர் வடக்கே இருக்கிறது சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம். ஆகாய வழியில் சுமார் 340 கிலோமீட்டர். ஏடிஆர் என்ற சின்ன விமானத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் கூட ஆகும். ஆனால் நேர் விமானம் கிடையாது. சென்னையைச் சுற்றினால் கிட்டத்தட்ட 790 கிலோமீட்டர். பெங்களூரு வழி இன்னும் வேடிக்கை: சேலத்தைத் தாண்டி 160 கிலோமீட்டர் போய், இறங்கிக் காத்திருந்து, திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

போன மாதம் அம்மாவைச் சேலத்தில் அக்கா வீட்டில் விட வேண்டியிருந்தது. மூட்டு அறுவை சிகிச்சை ஆனவர். ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது. மைசூர் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட். சரி, காசு போனால் போகிறது என்று பெங்களூரு வழியாக எடுத்தோம். முதல் விமானம் தாமதம், அடுத்தது போயே போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாம், யாரும் பொறுப்பில்லையாம். சக்கர நாற்காலி தள்ளி வந்த பையன்தான் பாவம், டாக்சி பேசிக் கொடுத்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று வழியெல்லாம் வண்டியை நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி நீட்டி மடக்கினார் அம்மா. ஓமலூருக்கு முன்னால் விமான நிலையப் பலகை வந்தது. “இங்கனதானல எறங்கணும்னு சொன்ன?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது ஒரு நேர் விமானம். புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. சேலத்தின் 1,806 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏடிஆர் போதும். தூத்துக்குடியில் ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 17,340 சதுர மீட்டரில் புது முனையம் கட்டி, 2025 ஜூலையில் பிரதமரே வந்து திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பேரைத் தாங்குமாம். அத்தனை பேரில் சேலம் போகிறவர் ஒருவரும் இருக்க மாட்டாரா? நாமக்கல் முட்டை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரியில் நேராக வந்துவிடுகிறது. முட்டை வியாபாரி விமானத்தில் வருவதென்றால் சென்னையைச் சுற்ற வேண்டும்.

ஹவாய் செருப்பு போட்டவரும் பறப்பார் என்றுதானே சின்ன ஊர்களுக்கு மானியத்தில் விமானம் விடும் உதான் திட்டத்தைக் கொண்டுவந்தீர்கள்? செருப்போடு ஏறலாம்தான். ஆனால் எந்தச் சின்ன ஊரில் ஏற்றினாலும் ஏதாவதொரு பெருநகரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறீர்கள். சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, மறுபடி வர 2023 அக்டோபர் ஆனது. அப்புறம் பயணிகள் வருவதில்லை என்று எங்களையே குறை சொல்வது! அதைப் பேச ஆரம்பித்தால் மடல் நீளும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். தூத்துக்குடி–சேலம் நேர் விமானம், வாரம் மூன்று நாள் இருந்தால்கூடப் போதும். சென்னையிலிருந்து சேலம் வரும் விமானத்தைத் தூத்துக்குடி வரை நீட்டினாலும் சரி. அடுத்த முறை வழித்தடங்களை ஏலம் விடும்போது இதையும் மானியத்தோடு பட்டியலில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், ஏன் முடியாது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடிப் பயணி ஒருவன்