ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: சென்னைத் தொலைக்காட்சி வரலாற்று மலர்க் குழுவினருக்குத் திறந்த மடல்

மலர்க் குழுவினருக்கு வணக்கம்.

சென்னைத் தொலைக்காட்சியின் ஐம்பது ஆண்டு வரலாற்றை ரசிகர்களாகிய நீங்களே கைக்காசு போட்டு மலராக்குவது பெரிய காரியம். வரைவை எனக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டீர்கள். மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ‘பக்க நெருக்கடியால் சேர்க்க இயலவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதே வரைவில் வாழ்த்துச் செய்திகளுக்கு மட்டும் பதினொரு பக்கம் இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான், நாலு பேர் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1975 ஆகஸ்ட் 15 அன்று நிலையம் தொடங்கியது, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’ நிகழ்ச்சிகள், ஷோபனா ரவி, வரதராஜன் ஆகியோரின் செய்தி வாசிப்பு எல்லாவற்றையும் நன்றாகவே தொகுத்திருக்கிறீர்கள். என்னை உறுத்துவது, திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ பற்றி ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: ‘எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்துவிட்டால் தமிழ்நாட்டுத் தெருக்களே வெறிச்சோடிவிடும்.’

எந்தத் தமிழ்நாடு, ஐயா?

திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் தெரு வெறிச்சோடவில்லை. சென்னை எங்களுக்கு 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சேப்பாக்கத்து நிலையத்தின் நிகழ்ச்சி இங்கே எட்டிக்கூடப் பார்க்காது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி என்ற அரசுத் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் கோபுரம் நிற்பது பிதுருதலாகல மலையில், 2,500 மீட்டர் உயரத்தில். நடுவில் கடல்தான், மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. நான் அப்போது ரேடியோ கடை வைத்திருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வீடுகளில் எல்லாம் ஆன்டெனா கட்டியவன் நான்தான். ஒன்றைக்கூட வடக்கு நோக்கிக் கட்டவில்லை. எல்லாமே தென்கிழக்கு.

கட்டுவது ஒரு நாள் வேலை. கட்டிய பிறகு திருப்புவதுதான் தினசரிப் பிழைப்பு. நாற்பது அடி இரும்புக் குழாய், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். மாடியில் வீட்டுக்காரர் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். பெட்டி முன்னால் அவர் மனைவி. மகன் ஜன்னலோரம் நின்று தாயின் சொல்லை மேலே கத்துவான். “வருகிறது... இன்னும் கொஞ்சம்... போய்விட்டது, அப்பா!” அரை விரற்கடை கூடுதலாகத் திருப்பிவிட்டால் திரை முழுக்க எறும்பு ஊரும். குரல் மட்டும் தெளிவாக வரும் நாளும் உண்டு. ஆடிக் காற்றில் குழாய் தானே திரும்பிக்கொள்ளும். நள்ளிரவில் என் கடைக் கதவைத் தட்டியவர்களும் இருக்கிறார்கள். காற்று ஓய்ந்த வெக்கையான இரவுகளில்தான் படம் பளிங்காக நிற்கும். அப்போதும் வருவது பெரும்பாலும் சிங்களம். தமிழுக்கு ஒதுக்கிய கொஞ்ச நேரத்துக்காக அக்கம்பக்கம் முழுவதும் பாயை விரித்துக் காத்திருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆயுபோவன் என்று சிங்களத்தில் வணக்கம் சொல்லிக் கும்பிடப் பழகியது அப்படித்தான்.

சென்னையில் தொடங்கிய தமிழ் நிகழ்ச்சி இருக்க, நாங்கள் தமிழ் கேட்கக் கடல் தாண்டினோம். இதற்குத்தான் ஒரு பக்கம் கேட்கிறேன்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 1984 வாக்கில் நாடெங்கும் சிறு அஞ்சல் நிலையங்களை (ரிலே நிலையங்களை) மளமளவென்று நிறுவினார்கள். இன்சாட் 1பி செயற்கைக்கோள் டெல்லி நிகழ்ச்சியைக் கொண்டுவரும். அஞ்சல் நிலையம் அதை அப்படியே பரிமாறும். ஆக, உள்நாட்டுத் தொலைக்காட்சி வந்தும் சிறு ஊர்களுக்குக் கிடைத்தது இந்திதான். கொடைக்கானல் மலையில் பெரிய கோபுரம் எழுந்து சென்னையின் தமிழ் இறங்கி வந்த பிறகே நான் ஏணியோடு வீடு வீடாகப் போய், தென்கிழக்கே பார்த்திருந்த ஆன்டெனாக்களை வடமேற்கே திருப்பினேன். அந்தக் கோபுரத்துக்கு உங்கள் மலரில் ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரு படத்தின் அடியில்.

சென்னையில் தூறல் விழுந்தால் அது மாநிலச் செய்தி. எங்கள் ஊரில் குளம் உடைந்தால் மாவட்டச் செய்தி. அந்தப் பழக்கம் வரலாற்று மலருக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. 1993இல் செயற்கைக்கோள் அலைவரிசை, 2000இல் பொதிகை, 2024இல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய கதையை அங்குலம் அங்குலமாகச் சொல்லியிருக்கிறீர்கள். பொதிகை என்று மலையின் பெயரைச் சூட்டியதைப் போற்றி ஒரு கட்டுரையே இருக்கிறது. அந்த மலை எங்கள் பக்கத்தது என்பதாவது நினைவிருக்கிறதே, சந்தோஷம்.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கோபுரம் இல்லாத இடத்துக்குப் படம் எப்படி வரும்? அந்தக் காலத்தையே இல்லாததாக்கும் வாக்கியத்தின் மேல்தான் வருத்தம். ‘தமிழ்நாட்டுத் தெருக்கள்’ என்பதைச் ‘சென்னைத் தெருக்கள்’ என்று மாற்றுங்கள். அதற்கு மை கூடச் செலவாகாது. பிறகு, ஒளிபரப்பு எட்டாத ஊர்கள் எதைப் பார்த்தன, தமிழ் எப்போது அவற்றை வந்தடைந்தது என்று ஒரு பக்கம் தாருங்கள். என் மூன்று பக்கத்தை ஒன்றாகச் சுருக்கித் தருகிறேன். வாழ்த்துகளில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். என்னுடைய வாழ்த்தையே எடுத்துவிடலாம்; அதுவும் அங்கே இருக்கிறது.

மலரோடு கண்காட்சியும் வைப்பதாகக் கேள்விப்பட்டேன். கடைசியாகக் கழற்றிய நாற்பது அடிக் குழாய் என் வீட்டு மாடியில் கிடக்கிறது. வேண்டுமென்றால் லாரி வாடகை கொடுத்து நானே அனுப்பிவைக்கிறேன். பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். உங்கள் பதில் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ஆன்டெனா கட்டிய ஒருவன்